தண்ணி கேன் சுமக்கும் ரோபோவுக்கு 24 வோல்ட் பேட்டரி கட்டியது

பேட்டரி இல்லாமல் வண்டி 62 கிலோ. மேல் தட்டில் 20 லிட்டர் தண்ணி கேன் நாலு ஏற்றினால் இன்னொரு 80 கிலோ. பேட்டரிப் பெட்டியும் சேர்ந்து கிட்டத்தட்ட 150 கிலோ ரிமோட்டில் ஓடுகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கேன் ஆட்டோ கீழேயே நின்றுவிடும், மேட்டில் ஏற்றுவது நம் தோள்பாடு. பொழுதுபோக்காக ஆரம்பித்த வண்டி, இப்போது பக்கத்து வீட்டு அக்கா முதல் எதிர்வீட்டுத் தாத்தா வரை “ரோபோ ஃப்ரீயா?” என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

ஸ்கொயர் பைப் சட்டம், வீல்சேர் மோட்டார் இரண்டு (24 வோல்ட், தலா 250 வாட்), முன்னால் சுழல் சக்கரம், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் போர்டான ரெட்டை மோட்டார் டிரைவர் ஒன்று. அந்தக் கதை எல்லோரும் எழுதுகிற கதைதான். பேட்டரியைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் யு.பி.எஸ்ஸில் வரும் மாதிரி 12 வோல்ட் 26 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் இரண்டை சீரிஸில் போட்டிருந்தேன். இரண்டும் சேர்ந்து 17 கிலோ. சமதளத்தில் பிரமாதமாக ஓடும். சுமையோடு மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பினால் வோல்டேஜ் தொபுக்கென்று விழும், டிரைவர் கையை விரித்துவிடும். அந்த 26 என்ற எண்ணே 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைக்கும் அளவு, அதாவது 1.3 ஆம்பியர். நாம் 30, 40 என்று உறிஞ்சும்போது ஏறக்குறைய பாதிதான் தேறும்.

எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதை முதலில் காகிதத்தில் போட்டேன். பத்துக்கு ஒன்று ஏற்றம் என்று வையுங்கள். 150 கிலோவை அதில் தள்ள சுமார் 147 நியூட்டன், சக்கர உராய்வுக்கு 44, மொத்தம் 190 சொச்சம். விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் அது 153 வாட். மோட்டாரும் கியரும் சேர்ந்து 60 சதவீதம் திறன் என்றால் பேட்டரியிலிருந்து 255 வாட், அதாவது 10 ஆம்பியர். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் வேறு கதை. மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், சுழல் சக்கரம் குறுக்கே திரும்பி ஒரு கல்லில் முட்டும்போதும் முள் 50ஐத் தொட்டு வருகிறது. சராசரி 10, உச்சம் 50. எத்தனை ஆம்பியர்-அவர் என்று கேட்டுக்கொண்டே இருந்தவன், அந்த உச்சம் எந்தெந்த இணைப்பு வழியாகப் போகும் என்று பார்க்க ஆரம்பித்தது இங்கேதான். இந்த மாதிரி கனமான வண்டிக்குச் செல் தேர்வைவிட இணைப்பும் இறுக்கமும்தான் பேக்கின் (செல்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டையின்) ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது என் முடிவு. பாதி எலெக்ட்ரிகல், பாதி ஃபிட்டர் வேலை.

செல் வகையில் எனக்குக் குழப்பமே இல்லை. 2022 மார்ச்சில் வேலூரிலேயே, வீட்டில் சார்ஜ் போட்டு வைத்திருந்த மின் ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் “லித்தியம்” என்றாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். என் அம்மா போட்ட நிபந்தனை: எதைச் செய்தாலும் சார்ஜ் வாசலில்தான். நானும் நிக்கல்-கோபால்ட் வகைச் செல்கள் பக்கம் போகவில்லை, எல்.எப்.பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்தான். 1997இல் ஜான் குட்இனஃப் குழு வெளியிட்ட வேதியியல் இது. பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சூடேறினாலும் செல்லின் பிளஸ் பக்கமான கேத்தோடு லேசில் ஆக்சிஜனை விடாது, தனக்குத் தானே தீயை வளர்க்கும் போக்கு குறைவு. தீயே பிடிக்காது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் எரியக்கூடியதுதான். அம்மாவின் நிபந்தனை அப்படியே நிற்கிறது.

அளவு 32700. விட்டம் 32 மில்லிமீட்டர், உயரம் 70, ஒரு செல் 3.2 வோல்ட் 6 ஆம்பியர்-அவர், எடை 145 கிராம் பக்கம். ஐந்து ஐந்தாக பேரலல், அப்படி எட்டு வரிசை சீரிஸ். 25.6 வோல்ட், 30 ஆம்பியர்-அவர், மொத்தம் 768 வாட்-அவர். நாற்பது செல்லும் சேர்ந்து ஆறு கிலோவுக்குள். போல்ட் போட்டு இறுக்கும் பெரிய செல்களையும் யோசித்தேன். ஸ்பாட் வெல்டிங் தொல்லை இல்லை, ஒரு செல் போனால் கழற்றி மாற்றலாம். ஆனால் எங்கள் தெருக் கான்கிரீட்டில் கட்டையான ரப்பர் சக்கரத்தில் ஓடும் வண்டியில் போல்ட் தளராமல் இருக்குமா? வாராவாரம் டார்க் ரெஞ்சோடு உட்காரும் பொறுமை எனக்கில்லை.

நாலு உபரி சேர்த்து 44 செல் வாங்கினேன். வந்தவுடன் மீட்டர் வைத்தால் எல்லாம் 3.29, 3.30. பார்க்க அழகாக இருக்கும், அர்த்தம் எதுவும் இல்லை. எல்.எப்.பி செல்லின் வோல்டேஜ் நடுவில் தட்டையாகக் கிடக்கும். கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய அதையேதான் காட்டும். ஆகவே நாலு சானல் டெஸ்டரில் ஒவ்வொன்றையும் 3.65 வரை முழுக்க ஏற்றி, 2.5 வரை இறக்கிக் கொள்ளளவு குறித்து, மறுபடி முழுக்க ஏற்றினேன். பெரும்பாலானவை 6.0க்கு மேல், சில 5.8. உள்தடையையும் நாலு முனை மீட்டரில் அளந்து செல் உடம்பிலேயே மார்க்கரில் எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் 6 மில்லி ஓமுக்குக் கீழே இருக்க, ஒன்று மட்டும் 9 காட்டியது. அது டார்ச் லைட்டுக்குப் போய்விட்டது.

பேரலலில் சேரும் ஐந்தில் தனித்தனி எண் முக்கியமில்லை, கூட்டுத்தொகைதான். எட்டு வரிசையில் எது சின்னதோ அதுதான் மொத்த பேக்கின் கொள்ளளவு. ஆகவே பெரியதோடு சின்னதைச் சேர்த்துப் பங்கு பிரித்தேன். வரிசைகளுக்கிடையே வித்தியாசம் 0.1 ஆம்பியர்-அவருக்குள் வந்துவிட்டது. இன்னொரு வேலையும் இதிலேயே முடிகிறது. முழுக்க ஏற்றிய எல்லாச் செல்லிலிருந்தும் டெஸ்டரில் சரியாக 3 ஆம்பியர்-அவர் எடுத்துவிட்டால், மேலிருந்து எல்லாம் ஒரே தூரத்தில் நிற்கும். தனியாக பேலன்ஸ் செய்ய, அதாவது வரிசைகளின் சார்ஜைச் சமன் செய்யத் தேவையில்லை. வெல்டிங் பண்ணும்போது செல் முழுக்க நிரம்பியும் இருக்காது.

இனி இன்சுலேஷன். 32700 செல்லில் மேலே நடுவில் உள்ள தொப்பிதான் பிளஸ். உடம்பு மொத்தமும், தொப்பியைச் சுற்றியிருக்கும் விளிம்பு வரை, மைனஸ். நடுவில் இருப்பது சின்ன பிளாஸ்டிக் வளையமும் மேலே சுற்றிய மெல்லிய பிவிசி உறையும்தான். பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் நிக்கல் பட்டை அந்த மைனஸ் விளிம்பைத் தாண்டித்தான் அடுத்த செல்லுக்குப் போகிறது. வண்டி அதிர அதிர, பட்டையின் ஓரம் உறையை அறுத்தால் அவ்வளவுதான். ஒரு வரிசையின் உள்தடை 1.2 மில்லி ஓம். கணக்குப்படி 2,700 ஆம்பியர் வரை பாயலாம், நிஜத்தில் பாதி வந்தாலே போதும்.

இதற்கு ஒட்டும் பார்லி பேப்பர் வாஷர் ஆன்லைனில் கிடைக்கும். வந்தது தாள் மாதிரி மெலிசு. அதனால் ஆற்காடு ரோட்டுப் பக்கம் பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் பாய் கடைக்குப் போனேன். காயில் கட்டும்போது ஸ்லாட்டுக்குள் வைப்பார்களே, லெதராய்டு பேப்பர், அது.

“இன்னாபா, எத்தினி எச்.பி மோட்டார்?”

“மோட்டார் இல்ல பாய். பேட்டரிக்கு.”

“பேட்டரிக்கு ஏதுபா லெதராய்டு?”

ஒரு செல்லை எடுத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீட்டரை வாங்கி, உடம்பில் ஒரு புரோப், தொப்பியில் ஒரு புரோப் வைத்தார்.

“பாடி மொத்தமும் மைனஸா கீது! இந்த ஓரத்து மேலயா பட்டை போவுது? தட்டையா வெச்சினா நிக்காது. மடிச்சி உடு.” வேலையாள் வெட்டி வைத்திருந்த ஸ்லாட் பேப்பர் ஒன்றை எடுத்தார். இரண்டு முனையிலும் காலர் மாதிரி மடித்திருந்தது. “காயில் பொசுங்கறது ஸ்லாட் நடுவுல இல்லபா, வாயில. தகடு ஓரம்தான் அறுக்கும். அதான் அங்க டபுளா மடிக்கறது.”

அரை நூற்றாண்டு மோட்டார் பிரித்தவர் சொல்வது. செல்லுக்கு வாஷர் ஒன்று, அது போக பட்டை விளிம்பைத் தாண்டும் இடங்களில் எல்லாம் இரட்டையாக மடித்த லெதராய்டுத் துண்டு என்று திட்டத்தை மாற்றிக்கொண்டேன். கூடவே பருத்தி டேப் ஒரு ரோலும் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

வாஷர் வெட்டியது ஆம்பூரில். என் மச்சான் அங்கே ஷூ உதிரிப் பாகம் ஜாப் ஒர்க் எடுத்து வெட்டித் தருகிறார். அவரிடம் தோல் வெட்டும் வட்டப் பஞ்ச் எல்லா அளவிலும் இருக்கிறது. நைலான் கட்டையின் மேல் லெதராய்டை வைத்து, முதலில் உள் வட்டம், பிறகு அதை மையமாக வைத்து வெளி வட்டம். மரச்சுத்தியலால் ஒரே அடி. கத்தரியில் வெட்டினால் விளிம்பில் நார் நீட்டிக்கொள்ளும், பஞ்சில் வெட்டியது காசு மாதிரி வந்தது. “இதுக்குப் போய் வேலூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்களா மாமா” என்று சிரித்தார். சாப்பிடாமல் விடவில்லை, ஆம்பூரில் என்ன போட்டிருப்பார் என்று சொல்ல வேண்டுமா?

அவரிடமே இன்னொரு பொருளும் கிடைத்தது: எம்.சி.ஆர் ஷீட். மைக்ரோ செல்லுலார் ரப்பர். வேலூர்க்காரர்களுக்கு இது செருப்பாகத்தான் பழக்கம். தொழுநோயில் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வராமல் இருக்க, கரிகிரி ஆஸ்பத்திரியும் சி.எம்.சியும் பரவலாக்கிய மெத்தென்ற அடித்தளம் அது. இப்போது சர்க்கரை நோயாளிகளும் அதே செருப்பைத்தான் போடுகிறார்கள். ஒரே புள்ளியில் அழுத்தம் குவியாமல் பரப்பிவிடுவது அதன் குணம். ஆறு கிலோ செல் மூட்டைக்கும் அதுதான் தேவை. பேக்கிங்கில் வரும் சாதாரண ஃபோம் சில மாதங்களில் அமுங்கி இடைவெளி விட்டுவிடும், எம்.சி.ஆர் எளிதில் அமுங்கிச் செத்துப்போகாது. ஒரே குறை, சூட்டையும் அடைத்துவிடும். அதனால் முழுப் பரப்பிலும் ஒட்டாமல், அடியில் நாலு பட்டை, பக்கங்களில் இரண்டிரண்டு பட்டை, நடுவில் காற்றுக்கு இடம்.

நிக்கல் பட்டை வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம். “ப்யூர் நிக்கல்” என்று எழுதி, நிக்கல் முலாம் பூசிய இரும்பு வரும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். அரத்தால் இரண்டு கீறு கீறி உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போடுங்கள். இரும்பு என்றால் கீறலில் செம்பழுப்பு தெரிந்துவிடும். கிரைண்டரில் லேசாகத் தொட்டாலும் பொறி காட்டிக் கொடுக்கும். இது ஏன் முக்கியம்? 0.15 மில்லிமீட்டர் தடிமன், 8 மில்லிமீட்டர் அகலம் உள்ள சுத்த நிக்கல், இரண்டு செல்லுக்கு இடையே உள்ள 34 மில்லிமீட்டர் தூரத்துக்கு 2 மில்லி ஓம் தடை தரும். இரும்பு அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. செல்லின் சொந்தத் தடையே 6 மில்லி ஓம்தான். நல்ல செல்லுக்குக் காசு கொட்டிவிட்டு அதன் பலனை ஒரு தகரத் துண்டில் எரிக்க வேண்டியதில்லை.

கரண்ட் எந்த வழியில் போகிறது என்று படம் போட்டுப் பார்த்தால் பட்டை எங்கே எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு வரிசையில் உள்ள ஐந்து செல்லிலிருந்தும் அடுத்த வரிசையின் ஐந்து செல்லுக்கு நேருக்கு நேர் தனித்தனிப் பட்டை வைத்தால், 50 ஆம்பியர் ஓடும்போதும் ஒரு பட்டையில் 10தான். அதில் 0.2 வாட் சூடு, பொருட்டே இல்லை. ஐந்தையும் குறுக்கே இணைக்கும் பேரலல் பட்டையில் செல்களுக்குள் சமன் ஆகும் சொற்பக் கரண்ட்தான், அதற்கு ஒற்றைப் பட்டை தாராளம். சிக்கல் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும். அங்கே ஐந்து செல்லின் கரண்டும் ஒரே வயருக்கு வந்து சேர வேண்டும். குறுக்குப் பட்டை வழியாகவே எடுத்தால் 10, 20, 30, 40 என்று கூடிக்கொண்டே போய்க் கடைசித் துண்டில் முழு 50. அந்த 34 மில்லிமீட்டரில் மட்டும் 5 வாட். கை வைக்க முடியாது, பக்கத்துச் செல்லின் உறையும் இளகும். கடையில் கட்டிய பேக் பிரித்துப் பார்த்தவர்கள் முனையில் பழுப்பேறிய பட்டையைக் கண்டிருப்பார்கள், காரணம் இதுதான்.

அதனால் இரண்டு முனைக்கும் செம்புப் பட்டை. பேனல் போர்டு செய்யும் கடையில் 20 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமனில் துண்டு கிடைத்தது. செம்பை நேராகச் செல்லில் ஸ்பாட் வெல்டு செய்ய என் கைக்குக் கிடைத்த மெஷினில் முடியாது, சூடு செம்பிலேயே ஓடிப்போய்விடும். ஐந்து நிக்கல் நாக்குகளை முதலில் மேஜையில் வைத்து, பெரிய சால்டரிங் அயர்னால் செம்பில் ஈயம் பாய ஒட்டினேன். ஆறிய பிறகு அந்த நாக்குகளை மட்டும் செல்லில் வெல்டு செய்தேன். செல்லின் மேல் சால்டரிங் அயர்ன் படவே இல்லை.

ஸ்பாட் வெல்டர், ஈ-பைக் பேட்டரி சர்வீஸ் செய்யும் நண்பருடையது. செட்டிங்கை டெட் செல் ஒன்றில் பார்த்துக்கொண்டோம். வெல்டு ஆன பட்டையை மூக்குக் குறடால் உரித்தால், பட்டை ஓட்டையாகிக் கிழிய வேண்டும், செல்லில் பொட்டுப் பொட்டாக நிக்கல் ஒட்டியிருக்க வேண்டும். முழுசாகக் கழன்று வந்தால் சூடு போதவில்லை. பொட்டின் நடுவில் கறுத்துத் துளை விழுந்தால் அதிகம். இணைப்புக்கு நாலு பொட்டு. வரிசைகள் மாற்றி மாற்றித் தலைகீழாக நிற்பதால் ஒரு முகத்தில் நாலு சேர்ப்பு, மறு முகத்தில் மூன்று சேர்ப்பும் இரண்டு முனைகளும் வரும். இதைச் செல்களை ஹோல்டரில் அடுக்கும் முன்பே ஸ்கெட்ச் பேனாவில் பிளஸ், மைனஸ் போட்டு இருவரும் தனித்தனியாகச் சரிபார்த்தோம். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றி வைத்தாயிற்று. ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப்.

ஒவ்வொரு சீரிஸ் பட்டையின் நடுவிலும் ஒரு பென்சில் அடியில் வைத்து லேசாக மேடு கொடுத்தேன். செல்கள் முடியளவு அசைந்தாலும் அந்த மேடு வளைந்து கொடுக்கும், வெல்டு பொட்டில் இழுவை வராது. பாய் சொன்ன மடிப்பு லெதராய்டு அந்த மேட்டுக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அசைவைக் குறைக்க, மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் கிளாஸ் எபாக்ஸி ஷீட் வைத்து வெளிப்பக்கமாக எம்5 த்ரெட் ராடு ஆறு போட்டு நைலாக் நட்டால் இறுக்கினேன். வயர்கள் ஆடாமல் ஒட்டச் சிலிகான் போடுவீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: வினிகர் வாடை வீசும் சாதாரண சிலிகான் உலரும்போது அமிலம் விடும், செம்பை அரிக்கும். “நியூட்ரல்” என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பி.எம்.எஸ், செல்களின் வோல்டேஜோ கரண்டோ சூடோ எல்லை மீறினால் பேக்கைத் துண்டிக்கும் காவல் போர்டு. என்னுடையது 8 சீரிஸ், 60 ஆம்பியர். கடையில் “8 எஸ்” என்று கேட்டால் 4.2 வோல்ட் செல்லுக்கானதையும் தூக்கிக் கொடுப்பார்கள். எல்.எப்.பிக்கு 3.65தான் மேல் எல்லை, லேபிளில் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு வரிசையின் வோல்டேஜையும் போர்டுக்குச் சொல்லும் சென்ஸ் வயர்களைச் சாக்கெட்டில் செருகும் முன் மீட்டரில் வரிசையாக 3.3, 6.6, 9.9 என்று ஏறி 26.4இல் முடிகிறதா என்று பார்த்துவிட்டால் போர்டு பிழைக்கும். வெப்ப சென்சாரை விளிம்பில் ஒட்டாமல் நடு வரிசைச் செல்களுக்கு இடையில் செருகினேன், பேக்கில் அதிகம் சூடாவது அங்கேதான்.

கனமான வண்டிக்காரர்கள் பி.எம்.எஸ் விஷயத்தில் யோசிக்க வேண்டியது, அது “கட்” ஆனால் என்ன நடக்கும் என்பது. ஏற்றத்தில் கரண்ட் மிகுந்து கட் ஆனால் 150 கிலோ பின்னால் உருளும். வீல்சேர் மோட்டாரில் உள்ள மின்காந்த பிரேக், கரண்ட் போனால் ஸ்பிரிங்கால் பிடித்துக்கொள்ளும் வகை. செகண்ட் ஹேண்டில் வாங்கும் பலர் அந்த இரண்டு வயரை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். என் வண்டியில் அது பேக்கின் வெளியீட்டிலிருந்தே ரிலே வழியாக ஓடுகிறது, பேக் செத்தால் பிரேக் விழும். மேலும், டிரைவரின் கரண்ட் வரம்பை மோட்டாருக்கு 30 என்று வைத்துவிட்டதால் பி.எம்.எஸ் வரை விஷயம் போவதில்லை. அதற்கும் மேலே, பெட்டிக்குள் பிளஸ் முனையை ஒட்டி 80 ஆம்பியர் ஃபியூஸ்.

இறக்கம் இன்னும் தந்திரமானது. சுமையோடு இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டர் ஆகிக் கரண்ட்டைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். என் கணக்கில் ஒன்றரை ஆம்பியர், அற்பம். ஆனால் பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால்? ஏதோ ஒரு வரிசை எல்லையைத் தாண்டும், பி.எம்.எஸ் சார்ஜ் வாசலை மூடும். திரும்பி வரும் மின்சாரத்துக்கு டிரைவரில் உள்ள கெப்பாசிட்டரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. 0.8 மீட்டர் வேகத்தில் 150 கிலோவிடம் 48 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால்வாசி போய்ச் சேர்ந்தாலே 2,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் நூறு வோல்ட்டைத் தாண்டும். என் டிரைவருக்கு 33க்கு மேல் ஆகாது. வீடு மேட்டில், சார்ஜ் போடுவது வீட்டில், முதல் ஓட்டமே இறக்கம். நம் தெருவுக்கென்றே அமைந்த சிக்கல்.

சார்ஜரை 29.2க்குப் பதில் 28.0 வோல்ட்டில் நிறுத்திவிட்டேன், செல்லுக்கு 3.5. கொள்ளளவில் இழப்பு சொற்பம், தலைக்கு மேல் இடம் தாராளம். பேலன்ஸ் நடக்க எப்போதாவது 29.2 வரை ஏற்றுவேன். அன்றைக்கு வண்டி முதலில் மேட்டுத் தெருவின் சமதளத்தில் நாலு சுற்று சுற்றிய பிறகே கீழே இறங்கும்.

வயர், லக், பெட்டி பற்றிச் சொல்ல அதிகமில்லை. 10 சதுர மில்லிமீட்டர் பலகம்பி வயர். வயர் முனையில் மாட்டும் லக்குகளை சோலார் பேனல் மாட்டுகிற பையனின் ஹைட்ராலிக் கிரிம்பரில் நசுக்கியது. சால்டர் செய்த லக் அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். கனெக்டர் எக்ஸ்டி 90இல் பொறி தடுக்கும் சின்ன ரெசிஸ்டர் உள்ளேயே வைத்த வகை. பெட்டி 2 மில்லிமீட்டர் அலுமினியம், வெளியே வெள்ளை பெயின்ட், உள்ளே சுற்றிலும் லெதராய்டு. எல்லாம் சேர்த்து எடை 9 கிலோ, பழைய லெட் ஆசிட்டில் ஏறக்குறைய பாதி.

ஓட்டிப் பார்த்ததில், சும்மா இருக்கும்போது 26.4, நாலு கேனோடு மேட்டில் நின்று கிளம்பி 50 ஆம்பியர் தொடும்போது 25.6. 0.8 வோல்ட் இறக்கம், மொத்தத் தடை 16 மில்லி ஓம். செல்களுக்கு 9.6, நிக்கல் பட்டைகளுக்கு 2.8 என்று காகிதத்தில் போட்டது போக மீதி பி.எம்.எஸ், ஃபியூஸ், வயர். பொருந்துகிறது. தெருவை மேலும் கீழும் வறுத்தெடுத்த பிறகு மூடியைத் திறந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்தேன். வெளியே 36 டிகிரி, நடுச் செல்கள் 41, செம்பு முனை 44. நிக்கல் மட்டும் போட்டிருந்தால் அந்த முனையை எட்டத்தில் இருந்துதான் பார்த்திருப்பேன்.

கத்திரி வெயிலுக்கு மட்டும் தனிச் சட்டம். வேலூரில் மே மாதம் நிழலிலேயே 40ஐத் தாண்டுகிறது. வெயிலில் நின்ற பெட்டிக்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். இந்தச் செல்களுக்கு சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரி வரம்பு, இறக்கும்போது 60. ஆகவே ஓடிவிட்டு வந்தவுடன் சார்ஜ் கிடையாது. விடியற்காலையில் எழுந்து போடுவது, பத்து ஆம்பியர் சார்ஜரில் மூன்று மணி நேரம், எட்டு மணிக்குள் பிடுங்குவது. வாசலில்தான்.

பாக்கி இருக்கும் வேலை பிரேக் ரெசிஸ்டர் ஒன்றுதான். 29.5 வோல்ட்டைத் தாண்டினால் வோல்டேஜை ஒப்பிடும் ஒரு கம்பேரேட்டர், மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சைப் போட்டு, 10 ஓம் 100 வாட் ரெசிஸ்டருக்குக் கரண்ட்டைத் திருப்பிவிடும். அந்த வோல்டேஜில் அது 87 வாட் வரை விழுங்கும், எங்கள் இறக்கத்துக்கு இரண்டு மடங்கு. ரெசிஸ்டர் வந்துவிட்டது. பின்பக்க ஸ்கொயர் பைப்பில் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி போல்ட் போட வேண்டும். அது மாட்டியானதும் 29.2 சார்ஜ் போட்ட அன்றைக்கு நாலு சுற்று சுற்றும் கெடுபிடி இருக்காது.